குழந்தைப்பேறும் தைராய்டும்: காலம் தாழ்த்தக்கூடாத ஒரு பரிசோதனை

திருமணமாகி ஓராண்டு கடந்தும் கரு தங்கவில்லையென்றால், நம் பகுதியில் முதற்கேள்வி பெண்ணை நோக்கியே எழுகிறது. பின்னர் விரதம், நேர்த்திக்கடன், கைமருந்து என ஆண்டுகள் கழிகின்றன. "சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்ற பழமொழிக்கே கந்தசஷ்டி விரதத்தோடு பொருத்திப் பொருள் கூறுவர் நம் பெரியோர். வழிபாடு மனத்துக்கு வலிமை தரும். அதை விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் விரதம் தொடங்கும் அதே மாதத்தில் தைராய்டு இரத்தப் பரிசோதனையையும் செய்துகொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. எளிதில் கண்டறிந்து மாத்திரையால் சீராக்கக்கூடிய ஒரு குறையைத் தேடாமலே விட்டுவிட்டு, பெண்ணின் மீது பழி சுமத்துவது அநீதி.

கழுத்தின் முன்புறத்தில் உள்ள தைராய்டு சுரப்பி தைராக்சின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. அது குறையும்போது, மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்னும் தூண்டு ஹார்மோனை மிகுதியாக வெளியிடும். குறைபாடு கடுமையானால், பால் சுரப்புக்குரிய புரோலாக்டினும் உயர்ந்து, சினைமுட்டை வெளிப்படுவதைத் தடுக்கக்கூடும். மாதவிடாய் தள்ளிப்போகலாம், உதிரப்போக்கு மிகலாம், தங்கிய கருவும் கலையக்கூடும். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்தாலும் மாதவிடாய் ஒழுங்கு குலையும்.

"கடலோரத்தில் வாழ்கிறோம், கடலுப்பை உண்கிறோம், நமக்கா அயோடின் குறையும்?" என்று கேட்போர் உண்டு. தைராக்சின் உருவாக அயோடின் இன்றியமையாதது என்பது உண்மை. ஆனால் உப்பளப் பாத்திகளில் விளையும் உப்பில் இயல்பாக உள்ள அயோடின் மிகச் சொற்பம்; அதைத் தனியே சேர்த்தாக வேண்டும். அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கென விற்பது 2006 முதல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆயினும் 2018-19 ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில், போதிய அயோடின் கொண்ட உப்பைப் பயன்படுத்திய வீடுகள் இந்தியாவில் 76.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 61.9 விழுக்காடு மட்டுமே. ஊருக்கெல்லாம் உப்பு அனுப்பும் மாவட்டத்தவராகிய நாம், அளத்துக் கல்லுப்பை அப்படியே சமையலுக்கு எடுத்துக்கொள்வதைக் கைவிட வேண்டும்.

எனினும் அயோடின் உப்பு தடுப்பு முறையே, மருந்தாகாது. தைராய்டு குறைபாட்டுக்கு இன்று பெரும்பாலும் காரணமாவது, உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய். அதற்கு மருத்துவர் கூறும் அளவில் தைராக்சின் மாத்திரையே தேவை.

குழந்தையின்மை அனைத்துக்கும் தைராய்டே காரணம் என்பதும் தவறு. டி.எஸ்.எச். அளவு இயல்பாக இருந்து, தைராய்டு எதிர்ப்பொருள் மட்டும் காணப்பட்ட 950க்கும் மேற்பட்ட பெண்களிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. தைராக்சின் உட்கொண்டதால் அவர்களிடையே குழந்தைப்பேறு கூடவில்லை. ஆகவே தேவையறிந்தே மாத்திரை தரப்பட வேண்டும். கணவரின் விந்துப் பரிசோதனையும் உடன் நடைபெற வேண்டும். மனைவியை மட்டும் அனுப்பிவிட்டுக் கணவர் வீட்டில் இருப்பது முறையன்று. மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்கலாகாது.

ஏற்கெனவே மாத்திரை உட்கொள்ளும் பெண்கள், கருத்தரிக்க முயலும்போது டி.எஸ்.எச். அளவு 2.5க்குக் கீழ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொள்ளுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. கருவுற்றது தெரிந்ததும் அச்சத்தால் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். முதல் மூன்று மாதங்களில் சிசுவின் மூளை வளர்ச்சி தாயின் தைராக்சினையே நம்பியிருக்கிறது. அக்காலத்தில் பலருக்கு மாத்திரையின் அளவைக் கூட்டவே வேண்டியிருக்கும்.

மாமியாரும் தாயாரும் மருமகளையும் மகளையும் அடுத்த முறை "விசேஷம் உண்டா?" என்று கேட்குமுன், "தைராய்டு பார்த்தாயா?" என்று கேட்கட்டும், மகனையும் மருமகனையும் மருத்துவரிடம் உடன் அனுப்பிவைக்கட்டும்.