வியாபாரிகளும் நகரசபையும்

ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாக்கி 2021-ஆம் வருஷம் தாம்பரம் மாநகராட்சி ஸ்தாபிக்கப்பட்டது. 70 வார்டுகளின் பிரதிநிதிகளை ஜனங்கள் 2022-இல் தேர்ந்தெடுத்தனர். ஆயினும், சண்முகம் சாலையில் கூடை வைத்து ஜீவிக்கும் ஏழை வியாபாரியின் குரல் அச்சபையில் எவ்விதம் ஒலிக்கும்?

இதற்கு மார்க்கம் சட்டத்திலேயே இருக்கிறது. 2014-ஆம் வருஷத்துத் தெரு வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டுமென்று விதிக்கிறது. கமிஷனர் அதன் தலைவர். போலீஸார், வர்த்தக சங்கத்தார், குடியிருப்போர் சங்கத்தார் முதலியோரும் அங்கத்தினர். நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே தம்முள் தேர்ந்தெடுத்தவர்களாயிருத்தல் வேண்டும். அவர்களில் மூன்றிலொரு பங்கினர் ஸ்திரீகள். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும் வரை எவரையும் அப்புறப்படுத்தலாகாது.

பாதசாரிகளுக்கு நடைபாதை வேண்டும். வாடகையும் வரியும் செலுத்தும் கடைக்காரரின் ஆக்ஷேபமும் நியாயமற்றதன்று. ஆதலாலேயே எல்லோரும் ஒரே சபையில் கூடிப் பேசுதல் அவசியமாகிறது. லாரி வந்து தராசையும் கூடையையும் வாரிச் சென்ற பின்னர் கூடும் குழுவினால் யாது பிரயோஜனம்? எவ்வீதியில் விற்கலாம், எவ்வீதியில் விற்கலாகாது என்பதைக் குழுவைக் கலந்தே அதிகாரிகள் முடிவு செய்வார்களாக. குழுவின் நடவடிக்கைகளைத் தமிழில் அச்சிட்டு வெளியிடுவார்களாக. வியாபாரிகளுக்கு நாம் சொல்வது ஒன்றே: சட்டம் தந்த உரிமையைப் பிச்சையாகக் கேளாதீர், சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள்.