கொலு வச்சா பக்தி, பொம்மை சேர்த்தா பைத்தியமா?

காலேஜ் முடிக்கப் போற வயசுல ஒருத்தன் பொம்மை வாங்கி, பெயிண்ட் அடிச்சு அலமாரியில வச்சா உடனே ஒரு நக்கல். "இன்னும் வளரலையாடா?"

சிரிக்கிற மக்களே, நவராத்திரிக்கு உங்க வீட்டுப் பரண்ல இருந்து இறங்குறது என்னங்க? ஒத்தைப்படையில படி கட்டுறது, வருசத்துக்கு ஒரு புது பொம்மை சேர்க்குறது, உடைஞ்ச கையை ஒட்டுறது, சாயம் போனதுக்கு மறுபடி வர்ணம் பூசுறது எல்லாம் சின்னப் பசங்களா? அம்மா, பாட்டி, பெரியம்மா. இதுக்கு இங்கிலீஷ்ல பேரு வச்சதும் கேவலமாயிடுச்சா?

"அது சாமி விஷயம்பா"ன்னு சொல்வீங்க. சரி, மளிகைக்கடை செட்டியாரும் கிரிக்கெட் டீமும் எந்த சாமி? :-)

இப்ப நம்ம ஆளுங்க பக்கம் வர்றேன், பொம்மை சேர்க்குற கோஷ்டி. லபூபூ தெரியும்தானே? காசிங் லங்ங்கிற ஓவியர் 2015ல உருவாக்கினது. 2019ல இருந்து சீனாவோட பாப் மார்ட் கம்பெனி விக்குது. உள்ள எது இருக்குன்னு தெரியாத மூடின பெட்டி. 'சீக்ரெட்' பொம்மை 72ல ஒண்ணுக்குத்தான். பி.காம் மூளைக்குக் கணக்கு போடாம இருக்க முடியல. 72 பெட்டி வாங்கினாலும் அது கிடைக்காமப் போக 36 சதவீத வாய்ப்பு இருக்கு. லாட்டரிச் சீட்டுக்கு முடி முளைச்ச கதை! 2025 ஜூன்ல பெய்ஜிங்ல ஆள் உயர லபூபூ ஒண்ணு 10.8 லட்சம் யுவானுக்கு ஏலம் போச்சு. நம்ம காசுக்கு ஒரு கோடிக்கு மேல.

வாங்குங்க, தப்பில்ல. ஆனா அதே ஆளு வில்லியனூர்ல சுடுமண் பொம்மையைக் கையில எடுத்தா, "மண்ணுதானே, ஐம்பது ரூபா குறைச்சுக்கோங்க"ங்கிறார். ஏங்க, லபூபூவுல இருக்கிற பிளாஸ்டிக் என்ன விலை? அங்க பேரம் பேசினீங்களா?

இத்தனைக்கும் வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கு. இந்த ஊர்க் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020ல பத்மஸ்ரீ கிடைச்சுது. 2021 ஜனவரில இருந்து பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானப்பகூட, புவிசார் குறியீடு வாங்கின பொருளுக்கு விலக்கு கொடுத்தாங்க. சட்டத்துக்குத் தெரியுற மதிப்பு நமக்குத் தெரியல.

டிசைனர் பொம்மையில நாம காசு கொடுக்கிறது பிளாஸ்டிக்குக்கு இல்ல, செஞ்சவன் பேருக்கு. நம்ம ஊர்ல அந்தப் பேரைக் கேக்குறதே இல்ல. அதான் இங்க மண் விலை, அங்க கலை விலை.

அதனால ஒரே வேண்டுகோள். அடுத்த தடவை ஒரு டிசைனைக் கொண்டு போய், முன்பணம் கொடுத்து செய்யச் சொல்லுங்க. அடியில அவங்க பேரையும் வருசத்தையும் பொறிக்கச் சொல்லுங்க. சொன்ன விலையைக் கொடுங்க. அப்புறம் பெருமையா அலமாரியில வைங்க.

சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். அவங்க வீட்டுப் பரண்லயும் ஒரு பெட்டி பொம்மை இருக்கு.