மூன்றாவது பின்

“மத்தியானம் மட்டும் ஏறமாட்டேங்குது தம்பி. சாயங்காலம் போட்டா ஜம்முனு ஏறுது.”

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் சாலையில், பெருநகரில் ஒரு சர்வீஸ் கடை. போன சித்திரையில் கத்திரி வெயில் தொடங்கிய வாரம் அங்கே உட்கார்ந்திருந்தபோது காதில் விழுந்த பேச்சு இது. பேசியவர் கையில் இருந்தது பில் அடிக்கும் கையடக்கக் கணினி. எந்த அலுவலகத்து மிஷின் என்பது இங்கே வேண்டாம். ஓராண்டுக்குள் இரண்டு முறை பேட்டரி மாற்றியாகிவிட்டது. கடைக்காரத் தம்பி மிஷினைக் கையில் வாங்கக்கூட இல்லை. “பேட்டரி போயிருக்கும்ணே, மாத்திடலாம்” என்று டிராயரைத் திறந்தார். “இது வேற கம்பெனி. எந்த வெயில்லயும் ஏறும்.”

வந்தவர் தன் வாயாலேயே நோயைச் சொல்லிவிட்டார். மத்தியானம் ஏறாது, சாயங்காலம் ஏறும். செத்த பேட்டரிக்கு நேரம் காலம் தெரியாது. சார்ஜிங் பின் உடைந்திருந்தால் அதுவும் பொழுது பார்த்து வேலை செய்யாது. பொழுதோடு சேர்ந்து மாறுவது ஒன்றுதான்: சூடு. எங்கே வைத்து சார்ஜ் போடுகிறீர்கள் என்று கேட்டேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, சுவரில் அடித்த மேல் தட்டில். பிளக் பாயின்ட் அங்கேதான் இருக்கிறதாம்.

நம் வாசகர்களுக்கு இது தெரிந்த பாடம்தான், ஆனாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். லித்தியம் அயான் செல்லை 0 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையில் சார்ஜ் செய்யலாம் என்பதே பொதுவான வரம்பு. பேட்டரியின் மேலே இருக்கும் மூன்று பின்னில் பிளஸ், மைனஸ் போக மூன்றாவது பெரும்பாலும் தெர்மிஸ்டருக்கு உரியது. 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும். சூடு ஏற ஏறக் குறையும். 45 டிகிரியில் நாலரை, ஐந்து கிலோ ஓமுக்கு வந்துவிடும். சார்ஜிங் ஐசி அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கும். வரம்பு தாண்டினால் கரண்டை நிறுத்திவிடும். சூட்டில் சார்ஜ் செய்வது பற்றி ஜப்பானின் மின்னணுத் தொழில் சங்கமும் பேட்டரி சங்கமும் 2007-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் இன்று பெரும்பாலான சார்ஜிங் ஐசிகளுக்குள் எழுதப்பட்டிருக்கிறது. ஆக, அந்த மிஷின் மத்தியானம் ஏறாமல் இருந்தது பழுதல்ல. மிஷின் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

கழற்றிய பேட்டரியின் மூன்றாவது பின்னில் மல்டிமீட்டரை வைத்தோம். 4.7 கிலோ ஓம். மின்விசிறிக்கு அடியில் வைத்துவிட்டு ஒரு டீ குடித்தோம். திரும்பிப் பார்த்தபோது ஏழுக்குக் கிட்டே ஏறியிருந்தது. மிஷினில் போட்டால் சார்ஜ் விளக்கு எரிந்தது. குப்பைக்குப் போகவிருந்த பேட்டரி நல்ல பேட்டரி.

பிறகு டிராயரில் இருந்த ‘எந்த வெயில்லயும் ஏறும்’ பேட்டரியை எடுத்தேன். மூன்றாவது பின்னில் சரியாக 10 கிலோ ஓம். உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து ஐந்து நிமிடம் பார்த்தேன். மீட்டரில் முள் இருந்திருந்தால் அசைந்திருக்காது என்று சொல்லலாம். இருந்தது எண், அதுவும் அசையவில்லை. உறையைப் பிரித்தால் தெர்மிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாதாரண ரெசிஸ்டர். செல் எவ்வளவு கொதித்தாலும் மிஷினிடம் ‘இங்கே 25 டிகிரிதான்’ என்று பொய் சொல்லிக்கொண்டே இருப்பதற்காக ஒட்டப்பட்டது. இந்த மிஷினுக்கு முதலில் மாற்றிய பேட்டரியும் அதே ரகம்தான். தலையணை போல உப்பி, பின்மூடியைத் தள்ளிக்கொண்டு வந்த அதைத் தம்பி இன்னும் வைத்திருந்தார்.

இந்த ரெசிஸ்டர் வித்தையை நாமும் செய்கிறோம் என்பதால்தான் இந்த மாத ஆசிரியர் உரையை இதற்கே ஒதுக்கினேன். வாடிக்கையாளர் அவசரப்படுகிறார், ஒரிஜினல் பேக் கிடைப்பதில்லை, வேறு மாடல் செல்லைப் போட்டால் மிஷின் ஏற்றுக்கொள்வதில்லை. மூன்றாவது பின்னிலிருந்து மைனஸுக்கு ஒரு பத்து கே போட்டால் வேலை முடிந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒட்டியிருக்கிறேன். அப்போது அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். உத்திரமேரூர் பக்கத்து மே மாத வெயிலில், தகரக் கூரைக்கடியில், ரெக்ஸின் உறைக்குள் கிடக்கும் ஒரு மிஷினுக்கு அந்த ரெசிஸ்டர் என்ன செய்யும் என்று இப்போது தெரிகிறது. சூட்டில் முழு வோல்டேஜுக்கு ஏற்றப்படும் செல்லுக்குள் திரவம் சிதைந்து வாயுவாகிறது, பேட்டரி உப்புகிறது. சில சமயம் உப்புவதோடு நிற்பதும் இல்லை. அது யார் சட்டைப்பையில், யார் இடுப்புப் பையில் இருக்கும் என்பதை நாம் தீர்மானிப்பதில்லை.

தெர்மிஸ்டரே இல்லாத பேக்கைப் போட்டே ஆக வேண்டும் என்றால் பத்து கே தெர்மிஸ்டர் ஒன்றை வாங்கி, செல்லின் உடம்போடு ஒட்டும்படி டேப் போட்டுக் கட்டுங்கள். விலை ஒரு டீக்காசு. வேலை கூடுதலாகப் பத்து நிமிடம்.

ஏறவில்லை என்று வரும் எல்லா மிஷினுக்கும் சூடுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. எதுவாக இருந்தாலும் பேட்டரியைத் தொடுவதற்கு முன் யூஎஸ்பி மீட்டரை நடுவில் மாட்டிப் பாருங்கள் என்பதே என் வழக்கு. ஐந்து வோல்ட் வருகிறது, கரண்ட் பூஜ்யம் என்றால் மிஷின் வாங்க மறுக்கிறது: மூன்றாவது பின், தொடுபுள்ளிகள், சார்ஜிங் ஐசி என்று போகலாம். கரண்ட் அரை ஆம்பியரிலேயே நின்றால், அடாப்டரைக் கணினி என்று எண்ணிக்கொண்டு மிஷின் அடக்கி வாங்குகிறது. சார்ஜர் என்று மிஷினுக்கு அடையாளம் காட்டுவது அடாப்டருக்குள் ஒன்றோடொன்று சேர்த்திருக்கும் இரண்டு டேட்டா கம்பிகள். அந்தக் கம்பிகளே இல்லாத கேபிள்கள் பேருந்து நிலையக் கடைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன.

கேபிளைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். நாம் மிகக் குறைவாகச் சந்தேகப்படுவது அதைத்தான். 28 கேஜ் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு 0.21 ஓம் தடை. போக ஒன்று, வர ஒன்று என்று ஒரு மீட்டர் கேபிளில் 0.42 ஓம். இரண்டு ஆம்பியர் இழுத்தால் 0.84 வோல்ட் கேபிளிலேயே போய்விடும்; ஐந்து வோல்ட் அனுப்பினால் மிஷினுக்கு 4.16 போய்ச் சேரும். 4.2 வோல்ட் வரை ஏற வேண்டிய செல்லை அதைக் கொண்டு எப்படி நிரப்புவது? நல்ல ஐசி இதைப் பார்த்துவிட்டுத் தானே கரண்டைக் குறைத்துக்கொள்ளும். வாடிக்கையாளருக்கு அது ‘ராத்திரி பூரா போட்டும் பாதிதான் ஏறுது’ என்று தெரியும். 24 கேஜ் கம்பியில் இந்த இழப்பு ஐந்தில் இரண்டு பங்குக்கு வந்துவிடும். இது செம்புக் கணக்கு. செம்பு முலாம் பூசிய அலுமினியம் என்றால் நிலைமை இன்னும் மோசம்.

தொட்டிலில் வைத்து சார்ஜ் போடும் மிஷின்களுக்குத் தூசி பெரிய எதிரி. நெல் அறுவடைக் காலத்தில் இந்தப் பக்கத்திலிருந்து வரும் மிஷின்களைத் தட்டினால் உமி கொட்டுகிறது. வியர்வையும் உமித்தூளும் சேர்ந்து ஸ்பிரிங் பின்களின் மேல் ஒரு படலமாகப் படிந்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும் போதும். பெட்ரோல், தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக் வெந்துவிடும். உப்புத்தாள் அதைவிட வேண்டாம்; முலாம் போனால் மறுவாரமே பின் கறுத்துவிடும்.

இன்னொரு ரகம் உண்டு. நூறு சதவீதம் ஏறும், நாள் முழுக்கத் திரையில் முப்பதுக்குக் கீழே வராது, ஆனால் பில் அடித்த கணத்தில் பொட்டென்று அணைந்துவிடும். வெப்ப அச்சுத் தலை ஓடும்போது ஒரு நொடிக்கு இரண்டு ஆம்பியர் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்தடை 150 மில்லி ஓம் உள்ள புதுப் பேக்கில் வோல்டேஜ் 0.3 இறங்கும், மிஷினுக்கு அது பொருட்டல்ல. வயதாகி 400 மில்லி ஓம் ஆன பேக்கில் 0.8 இறங்கும். 3.8-இலிருந்து 3.0. மிஷின் கண்ணை மூடிக்கொள்ளும். இங்கே பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். அதையும் அளந்து பார்த்துவிட்டு மாற்றுவோம்: சும்மா இருக்கும்போது ஒரு அளவு, அச்சடிக்கும்போது ஒரு அளவு.

மாதக்கணக்கில் மூலையில் கிடந்து இரண்டு வோல்ட்டுக்கும் கீழே போன பேக்கை பூஸ்டர் வைத்து உசுப்புவது நம் கடைகளில் இன்னும் நடக்கிறது. அந்த ஆழத்தில் செல்லுக்குள் இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கிவிடும். கரைந்த செம்பு, சார்ஜ் ஏறும்போது வேறிடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி செய்யும். எழுந்து உட்கார்ந்த பிணத்தை வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்பி வைக்கும் வேலை அது. விடுங்கள்.

சிம்ப்யூட்டர் ஞாபகம் வருகிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்துப் பொறியாளர்களும் சேர்ந்து 2001 ஏப்ரலில் காட்டிய கையடக்கக் கணினி. கிராமத்து மனிதரை மனதில் வைத்து வரைந்தது. ஸ்மார்ட் கார்டு வசதி, இந்திய மொழிகளில் பேசும் வசதி என்று அந்தக் காலத்துக்குப் பெரிய கனவு. 2004-இல் அமிடா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது, பெரிதாக ஓடவில்லை. எனக்கு அதில் பிடித்தது வேறொன்று. முதல் வடிவத்துக்கு மூன்று ஏஏஏ அளவு பேட்டரி போதும் என்று வைத்திருந்தார்கள். ரிமோட்டில் போடும் அதே அளவு. பேட்டரி போனால் யாரையும் கேட்காமல் மாற்றிக்கொள்ளலாம். இன்று நம் மேசைக்கு வரும் மிஷின்களில் பாதி, கம்பெனிக்கொரு வடிவம், மாடலுக்கொரு கனெக்டர்; சிலவற்றில் பேட்டரியை உள்ளே பசை போட்டு ஒட்டியே விட்டார்கள். ரெசிஸ்டர் வித்தை பிறந்ததே இந்தப் பஞ்சத்தில்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த பேட்டரிச் சட்டம், 2027 பிப்ரவரி முதல் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்கிறது, சில விலக்குகளோடு. அங்கே அப்படிச் செய்யும் கம்பெனிகள் இங்கேயும் அதே அச்சை அனுப்பினால் நமக்கு நல்லது.

இங்கே கையில் இருக்கும் பிடி வேறு. பேக்கின் மேல் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். தயாரித்த தேதியையும் பாருங்கள்; இரண்டு வருடம் டிரேயில் தூங்கிய ‘புது’ பேட்டரி புதிதல்ல. முழு சார்ஜில் 40 டிகிரி கிடங்கில் ஓராண்டு கிடந்தால் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்பது துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் கணக்கு. உப்பிய பேக்கைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகள் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. அதுவரை ஒரு மண் வாளியில், வெயில் படாத மூலையில் கிடக்கட்டும்.

பெருநகர் மிஷினுக்குப் பேட்டரி மாற்றவில்லை. பிளக் பாயின்ட்டிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் இழுத்து, தரையோரம் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், ஆனால் ஈரம் படாத தூரத்தில், ஒரு மரப்பலகை போட்டு அங்கே வைக்கச் சொன்னோம். சார்ஜ் போடும்போது ரெக்ஸின் உறையைக் கழற்றிவிடச் சொன்னோம். தம்பி பார்வைக் கூலி ஐம்பது ரூபாய் கேட்டார், வந்தவர், “ஒண்ணும் மாத்தலையே, எதுக்கு ஐம்பது?” என்றார். நியாயமான கேள்வியாகத்தான் அவருக்குப் பட்டிருக்கும். பாகம் மாற்றினால் காசு, கண்டுபிடித்தால் இலவசம் என்று வாடிக்கையாளரைப் பழக்கியது நாம்தானே. கடைசியில் முப்பதுக்கு முடிந்தது.

அடுத்த இதழுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கடையில் இப்போது இருக்கும் மாற்று பேக்குகளில் பத்தை எடுத்து, மூன்றாவது பின்னை இரண்டு முறை அளந்து அனுப்புங்கள்: மேசையில் வைத்து ஒரு முறை, ஐந்து நிமிடம் உள்ளங்கையில் பிடித்து ஒரு முறை. பேக்கின் விலை, தயாரித்த மாதம், பதிவு எண் உண்டா இல்லையா என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். வந்ததையெல்லாம் அட்டவணையாகப் போடுகிறோம். கடைப் பெயர் வராது.