ஐஸ் யாரிடமோ, விலை அவரிடம்



சபரிமலை தரிசனம் முடிந்து திரும்பும் வழியில், கொல்லத்தை அடுத்த நீண்டகரை மீன்பிடித் துறைமுகத்தில் இறங்கினோம். கழுத்தில் மாலையோடு மீன் துறைக்குள் போவதா என்று உடன் வந்தவர்கள் தயங்கினார்கள். ஏலச் சத்தம் காதில் விழுந்த பிறகு வியாபாரியின் கால் நிற்குமா?

இந்தத் துறைக்கும் நார்வே நாட்டுக்கும் பழைய தொடர்பு உண்டு. நார்வேயின் வடகோடிக் கடலோரக் கிராமத்தார், காட் என்னும் மீனை மரச்சட்டங்களில் தொங்கவிட்டு, உப்பில்லாமல் குளிர்காற்றிலேயே கருவாடாக்கி, பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவெங்கும் விற்றவர்கள். அவர்களுக்குக் குளிரே கிடங்கு. அந்த நாடு 1952-ல் இந்திய அரசுடனும் ஐக்கிய நாடுகள் சபையுடனும் ஒப்பந்தம் செய்து, 1953-ல் இங்கே பணி தொடங்கியது. விசைப்படகு, ஐஸ் ஆலை, குடிநீர், சுகாதார நிலையம் எல்லாம் வந்தன. ஏழை மீனவர் வாழ்வு உயர வேண்டும் என்பது நோக்கம். ஆனால் இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்ததும் போக்கு மாறியது. விசைப்படகு வாங்க முடிந்தவரும், உறைய வைத்து ஏற்றுமதி செய்தவரும் முன்னேறினார்கள். சிறு வள்ளக்காரர் பின்தங்கினார்.

ஏலத்தில் நாங்கள் கண்டதும் அதுதான். கூடையை இறக்கியவர் அவசரப்படுகிறார். வாங்க வந்தவர் அவசரப்படவில்லை. மீன் கெட்டுவிடும் என்பது இருவருக்கும் தெரியும். ஐஸும் வண்டியும் ஒருவரிடமே இருக்கின்றன.

நம் மளிகைத் தொழிலிலும் இதே கதைதான். புதுப்புளி வரத்தின்போது வாங்கிக் குளிர்பதனக் கிடங்கில் வைத்தவர், மழைக்காலத்தில் நிறம் கறுக்காத புளியை விற்கிறார். வாராவாரம் சில கிலோ வாங்கும் சிறு கடைக்காரர் அவர் சொன்ன விலையைக் கொடுக்கிறார். மிளகாய் வற்றலும் அப்படியே. செவ்வாய்ப்பேட்டை மொத்த வியாபாரிகளாகிய நாங்களும் இப்படி இருப்பு வைத்து லாபம் பார்த்தவர்கள்தாம், மறைப்பதற்கில்லை. ஆனால் சிறு கடைகள் ஒவ்வொன்றாக மூடினால் எங்கள் சரக்கு யாரிடம் போகும்?

எனவே வருகிற புளி சீசனுக்கு முன்பே, பத்து இருபது கடைக்காரர்கள் சேர்ந்து குளிர்பதனக் கிடங்கில் கூட்டாக இடம் பிடிக்க வேண்டும். அவரவர் மூட்டைக்கு அவரவர் பெயரில் ரசீது இருக்கட்டும். தரம் பார்க்கவும் எடை பார்க்கவும் நாங்கள் கூட நிற்கிறோம், கமிஷன் வேண்டாம். சங்கம் முன்னின்று நடத்தட்டும்.

அயல்நாட்டார் வந்து உதவியும் நீண்டகரையில் எல்லோரும் கரையேறிவிடவில்லை. நமக்கு வெளியிலிருந்து யாரும் வரப்போவதில்லை. நாமே சேர்ந்தால்தான் உண்டு.