இரண்டு கைகளும் முழுமையாக வேண்டுமாம்!

வைத்தியராக விரும்பும் ஒருவரிடம் முதலில் எதனைப் பார்க்க வேண்டும்? அறிவையா, நோயாளியிடத்துள்ள பரிவையா, அல்லது விரல்களின் எண்ணிக்கையையா? விரல்களைத்தான் என்று விடை கூறின, அண்டை நாடான இந்தியாவின் வைத்தியக் கவுன்சில் 2019 இல் வகுத்த விதிகள். இரண்டு கைகளும் முழுமையாக இருத்தல் வேண்டும், அவற்றில் உணர்ச்சியும் போதிய வலுவும் அசைவும் இருத்தல் வேண்டும், அன்றேல் எம்.பி.பி.எஸ். வகுப்பின் வாசற்படியை மிதிக்கலாகாது.

அந்நாட்டின் 2016 ஆம் ஆண்டுச் சட்டமோ, உயர்கல்வியில் நூற்றுக்கு 5 இடங்களையேனும் உடற் குறைபாடுள்ளோருக்கு ஒதுக்கிற்று. அவ்விடத்தைக் கோருவதற்கு 40 வீதக் குறைபாடாவது இருத்தல் வேண்டும். கவுன்சிலின் அன்றைய விதி யாது கூறிற்று? பேச்சுக் குறைபாடு 40 வீதத்தை எட்டினால் வைத்தியம் கற்கத் தகுதியில்லை! நாற்பது இல்லாவிடில் ஒதுக்கீடு இல்லை. நாற்பது இருந்தாலோ கல்லூரியே இல்லை. ஒரு கையாற் கொடுத்து மறு கையாற் பறிப்பதற்கும் இரண்டு கைகள் முழுமையாக வேண்டும் போலும்!

பேச்சுக் குறைபாடுள்ள மாணவர் ஒருவர் இதனை எதிர்த்து வழக்காடினார். 2024 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம், வீதக் கணக்கு மட்டும் ஒருவரை விலக்கப் போதாது, அவரால் கற்க இயலுமா என்பதையே ஆராய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025 பெப்ரவரியில் ‘இரண்டு கைகள்’ விதியையும் கண்டித்தது. மகிழ்ச்சிதான். ஆனால், டில்லி வரை சென்று வழக்காட எத்தனை பேரால் இயலும்? கூலி உழைப்பாளியின் மகள் ஒருத்தி, வைத்தியக் குழு தந்த ‘தகுதியற்றவர்’ என்னும் தாளை மடித்துக்கொண்டு பஸ் ஏறி ஊர் திரும்பினால், அவள் பெயர் எந்தத் தீர்ப்பிலும் இடம்பெறாது.

‘நோயாளியின் உயிர் விளையாட்டுப் பொருளா?’ என்று கேட்கின்றனர். அலட்சியப்படுத்தத்தக்க கேள்வியன்று. வேலூரை நோக்குவோம். அங்கே பணியாற்றிய டொக்டர் மேரி வர்கீஸ் 1954 இல் வாகன விபத்தொன்றில் முள்ளந்தண்டு சிதைந்து, கால்களின் இயக்கத்தை இழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்குச் சத்திர சிகிச்சை செய்தார். கைச் சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம். இதை உணர்வதற்கு எந்த மேதையும் வேண்டியதில்லை. அவரை வீட்டுக்கு அனுப்பாத ஒரு வைத்தியசாலைதான் வேண்டியிருந்தது. எட்டு வயதிற் பார்வையிழந்த டேவிட் ஹார்ட்மன் 1976 இல் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்று மனநோய் வைத்தியரானார்.

வைத்தியர் அனைவரும் கத்தி பிடிப்பவர்களும் அல்லர். தோல் நோய்க்கும் மனநோய்க்கும் ஆய்வுகூடத்துக்கும் வைத்தியர்கள் வேண்டாமா?

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. செவிப்புலன் குறைந்த மாணவர், சொன்னால் வெளியேற்றிவிடுவார்களோ என்றஞ்சி அதனை மறைத்துக்கொண்டு, சாதாரண ஸ்டெதஸ்கோப்பில் கேளாத இதய ஒலியைக் கேட்டதாகத் தலையசைப்பாராயின், அங்கேதான் நோயாளிக்குக் கேடு. அவர் அச்சமின்றி உரைத்து, ஒலியைப் பெருக்கும் ஸ்டெதஸ்கோப்பைப் பெற்றுக்கொண்டால் கேடு எங்கே? குறையைக் குற்றமாக்கும் கல்லூரியே மறைப்பையும் கற்பிக்கிறது.

கேட்பதுதான் என்ன? வாயசைவு தெரியும் முகமூடி, பரீட்சையில் சற்று மேலதிக நேரம், உயரத்தை மாற்றத்தக்க பரிசோதனைக் கட்டில், ஓய்வுக்கு இடந்தரும் கடமை நேரப் பட்டியல், ஒரு சாய்தளம். மாணவரின் சக்கர நாற்காலி நுழைய முடியாத வார்டில் நோயாளியின் சக்கர நாற்காலி எப்படி நுழையும் என்று எந்த நிர்வாகியாவது எண்ணிப் பார்த்ததுண்டா? வானளாவ வைத்தியசாலை கட்டப் பணமுண்டு. சாய்தளத்துக்கு மட்டும் ‘நிதியில்லை’ என்ற பல்லவி!

எனவே, பரிசோதிக்கும் குழுக்களில் உடற் குறைபாடுள்ள வைத்தியர் ஒருவரும் அமர வேண்டும். விலக்குவதாயின், எந்தெந்த வசதிகளைச் செய்து பார்த்தும் இயலவில்லை என்பதை அக்குழு எழுத்தில் தர வேண்டும். அதுவரையில் ‘தகுதியற்றவர்’ என்ற முத்திரையை மாணவரின் தாளிற் குத்தாது, கல்லூரியின் வாயிற்கதவிற் குத்தட்டும்.