வறுமை மட்டும் போதாதாம்!

அமெரிக்காவில் வறியோர்க்கு அரசாங்கச் செலவில் வைத்தியம் அளிக்க 1965இல் எழுந்தது மெடிக்கெயிட் திட்டம். வறுமை ஒன்றே அதற்குத் தகுதியென நான் எண்ணியிருந்தது தவறு. வறுமைக் கோட்டின் 138 வீதம் வரை வருமானமுள்ள வளர்ந்தோரையும் சேர்க்குமாறு 2010ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அது மாநிலங்களின் விருப்பமென 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. டெக்சாஸ் மறுத்தது. ஆகவே அங்கே பிள்ளையற்ற, ஊனமற்ற நடுவயதுக் கூலியாள் எத்துணை வறியவனாயினும் தகுதி பெறான். தனியார் காப்புறுதி வாங்குவதற்கான அரசாங்க மானியமோ வறுமைக் கோட்டை எட்டியவர்க்கே உரியது. அதற்கு இவனிடம் வறுமை மிகுதி! நகைப்பதா, அழுவதா? எல்லை கடந்து நியூ மெக்சிக்கோவிற் குடியேறினால் அவனே தகுதியாளன். ஆங்கும், 2025ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2027 முதல் மாதம் 80 மணி நேரம் உழைத்தோ படித்தோ சான்று காட்டவேண்டும். ஆர்க்கன்சோ மாநிலம் இத்தகைய விதியை 2018இல் புகுத்தியபோது, சில மாதங்களுள் 18,000 பேர் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டனர்.