சொரியாசிஸும் சாப்பாட்டுத் தட்டும்: எங்கள் நிலைப்பாடு

திருத்தணி மலைக்கு 365 படி. வருடத்தின் நாளுக்கு ஒன்று என்பார்கள். முட்டி வீங்கியவருக்கு ஒவ்வொரு படியும் ஒரு நாள்தான். ஏறிமுடித்து முடி காணிக்கைக்கு உட்கார்ந்தால், தலையில் அப்பியிருக்கும் வெள்ளைச் செதிலைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்காருகிறார். எங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேர் இந்தக் கதையைச் சொல்வார்கள். சொரியாசிஸ் தொற்றாது. இதை முதலில் சொல்லிவிடுகிறோம். கத்திக் கீறல் பட்ட இடத்தில் புதுத் திட்டு கிளம்பலாம் என்பதால், தலையில் நோய் இருப்பவர்கள் மொட்டை அடிப்பவரிடம் முன்பே சொல்லி மெதுவாக மழிக்கச் சொல்லுங்கள்.

நாங்கள் திருத்தணி சுற்றுவட்டாரத்தைச் சேர்ந்த சொரியாசிஸ் நோயாளிகள், அவர்கள் வீட்டார். உணவால் இந்த நோய் தணியுமா என்ற கேள்வி மாதம் தவறாமல் எங்களிடம் வருகிறது. பதில் இதுதான்: உணவு துணை நிற்கும், மருந்தின் இடத்துக்கு வராது.

சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்று சொல்லப்படும் இந்த நோயின் வேர் தோலில் இல்லை, உடலின் எதிர்ப்பாற்றல் தடம் மாறுவதில் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் புதுப்பிக்கப்பட வேண்டிய மேல்தோல் சில நாளிலேயே வளர்ந்து உதிர்கிறது. நோயாளிகளில் பத்தில் மூன்று பேருக்கு வரை மூட்டும் பாதிக்கப்படலாம். பெரும்பாலும் தோல் முந்தும். மூட்டு சில வருடம் கழித்து வரும். இடையில் சேதி சொல்வது நகம். தையற்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தான் போலப் பொடிப்பொடிக் குழிகள், நுனியில் சதையை விட்டுத் தூக்கிக்கொள்ளும் நகம். ‘சுண்ணாம்புச் சத்து குறைவு’ என்று நாமே முடிவுகட்டி மாத்திரை வாங்கிப் போடுகிறோம். அந்த நகம் மூட்டு நோய்க்கு முன்னறிவிப்பாக இருக்கலாம்.

உணவுக்கு வருவோம். அமெரிக்காவின் தேசிய சொரியாசிஸ் அறக்கட்டளையின் மருத்துவக் குழு, அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2018-இல் பரிந்துரைகள் வெளியிட்டது. அதில் அழுத்தமாகச் சொன்னது ஒன்றுதான்: உடல் எடை கூடுதலாக இருப்பவர்கள் கலோரியைக் குறைத்து எடையைக் குறைக்க வேண்டும். 2013-இல் வெளியான டென்மார்க் ஆய்வில் எடை கூடிய 60 நோயாளிகள் பங்கேற்றார்கள். 16 வாரம் குறைந்த கலோரி உணவு எடுத்தவர்களுக்கு, வழக்கமான சாப்பாடு சாப்பிட்டவர்களைவிட ஏறத்தாழ 15 கிலோ கூடுதலாகக் குறைந்தது. திட்டுகளும் குறையும் பக்கம் சாய்ந்தன. ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. அன்றாட வாழ்க்கையில் நோய் தரும் சங்கடம் மட்டும் தெளிவாகக் குறைந்தது. எங்களுக்கு இந்த அளவு நேர்மை போதும்; ‘48 நாளில் வேரோடு போகும்’ என்ற சுவரொட்டி வேண்டாம்.

மூட்டுக்கு எடைக் கணக்கு இன்னும் நேரடி. முட்டித் தேய்மானம் உள்ள பருமனானவர்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வொன்று, ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டிமேல் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் கண்டது. மலைப்படியோடு பெருக்கிப் பாருங்கள்.

அதே 2018 பரிந்துரை, கோதுமையில் உள்ள குளூட்டனை விலக்குவது இரத்தப் பரிசோதனையில் அதற்கான ஒவ்வாமைக் குறி தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் என்கிறது. அப்படியே விலக்க நேர்ந்தாலும் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சடித்த விலையுயர்ந்த பாக்கெட் நமக்கு எதற்கு? அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை எதிலும் குளூட்டன் கிடையாது. மைதா, ரவை, சப்பாத்தி போன்ற கோதுமைப் பண்டங்களை நிறுத்த வேண்டும். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்தபோது எல்லைக்கோடுதான் மாறியது. கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைச் சட்னியும் இன்றும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

பத்தியம் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். கத்தரிக்காய், கருவாடு, கம்பு, சோளம் என்று ‘கரப்பான் பண்டங்கள்’ பட்டியல் நம் வீடுகளில் வழிவழியாக இருக்கிறது. சித்த மருத்துவர் ஆளைப் பார்த்து, நாளைக் குறித்து விதிக்கும் பத்தியத்தோடு எங்களுக்குச் சண்டை இல்லை. ஆளாளுக்குச் சொல்வதைச் சேர்த்துச் சேர்த்து நாமே நீட்டிக்கொள்ளும் பத்தியத்தைத்தான் எதிர்க்கிறோம். எங்கள் உறுப்பினரான அக்கா ஒருவர் முட்டை, மீன், பருப்பு, கத்தரிக்காய், வேர்க்கடலை, மோர் எல்லாவற்றையும் இரண்டு வருடம் ஒதுக்கினார். இரத்தசோகை வந்தது. திட்டு அப்படியே இருந்தது. செதில் உதிரும் உடம்பு புரதத்தையும் சேர்த்து இழக்கிறது. அதைப் பட்டினி போடலாமா? ஒரு பண்டத்தின்மேல் சந்தேகம் இருந்தால் அதை மட்டும் நாலைந்து வாரம் நிறுத்தி, பிறகு மறுபடி சாப்பிட்டு, தோல் என்ன செய்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். ஒரு தடவைக்கு ஒன்று.

மருந்து விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டோம். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை இந்த நோய்க்கு வாரத்தில் ஒரு நாள்தான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எங்களில் பலர் செவ்வாய்க்கிழமையை வைத்துக்கொண்டிருக்கிறோம். முருகன் நாள், மறக்காது. தினசரிக் காலண்டரில் வட்டம் போட்டு, போட்டதும் அடித்துவிடுகிறோம். இதைச் சாப்பிடும்போது மதுவைத் தொடக் கூடாது. கர்ப்பிணிகளும், கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுபவர்களும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

பெயர் இல்லாத பொடிகளை எதிர்க்கிறோம். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் பத்தே நாளில் தோல் பளபளக்கும். நிறுத்திய பிறகு நோய் பன்மடங்கு கிளம்பி, உடம்பெல்லாம் சீழ்க்கொப்புளமாகவும் மாறலாம்.

கோயில் சந்தனத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். இந்திரன் அளித்த கல்லில் அரைத்த அந்தச் சந்தனத்தை நெற்றியில் இடாமல் நீரில் கரைத்துக் குடித்தால் நோய் தீரும் என்பது தலைமுறைகளாக வரும் நம்பிக்கை. அதில் தலையிட நாங்கள் யார்? குடியுங்கள், செவ்வாய்க்கிழமை மாத்திரையையும் போடுங்கள்.

உலக சுகாதார அமைப்பின் பேரவை 2014-லேயே சொரியாசிஸ் பற்றித் தனித் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. அரசிடம் நாங்கள் கேட்பது அதிகமில்லை. தோல் சிகிச்சை தரும் ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் உணவு ஆலோசகர் ஒருவரும், நகத்தையும் மூட்டையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கமும் வேண்டும். நகரி, புத்தூர் பக்கத்திலிருந்தும் நோயாளிகள் வருவதால் துண்டறிக்கை தமிழிலும் தெலுங்கிலும் இருக்க வேண்டும்.

நகத்தில் குழியும், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காத பிடிப்பும் சேர்ந்து இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது பழைய மருந்துச் சீட்டோடு, பொடி ஏதும் வாங்கியிருந்தால் அந்தப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.